பெரிய கோவொர்க்கிங் நிறுவனம் பக்கத்தில் வந்தால் சின்ன இடம் என்ன ஆகும்?

பகிர்ந்த அலுவலக இடத்தை வாடகைக்கு விடும் கோவொர்க்கிங் தொழிலில் பெரிய பெயரான வீவொர்க் நிறுவனம், 2023 நவம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு (கடன்களைச் சீரமைக்க நீதிமன்றம் தரும் அவகாசம்) கேட்டுப் போனபோது, சின்ன கோவொர்க்கிங் இடங்களுக்கு இனி நல்ல காலம் என்ற பேச்சு எழுந்தது. அதே நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன்பு நகரம் நகரமாகக் கட்டடம் பிடித்துக்கொண்டிருந்தபோது, சின்னவர்கள் எல்லாம் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்றார்கள். இரண்டு கணிப்பும் பாதிதான் பலித்தன. பெரியவர் வளர்ந்த காலத்தில் பக்கத்திலேயே இருந்து தாக்குப்பிடித்த சின்ன இடங்கள் உண்டு. அவர் விழுந்தபோது தாங்களும் அடிபட்ட சின்ன இடங்களும் உண்டு.

ஏன் இப்படி என்று புரிய, இந்தத் தொழிலில் பணம் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். வண்ண நாற்காலியையும் இலவசக் காபியையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் விஷயம் பிடிபடாது.

நீண்ட காலத்துக்கு வாங்கி, குறுகிய காலத்துக்கு விற்பது

கோவொர்க்கிங் நடத்துபவர் கட்டட உரிமையாளரிடம் ஐந்து ஆண்டுக்கோ பத்து ஆண்டுக்கோ குத்தகை எடுக்கிறார். தடுப்பு, மேசை, நாற்காலி, ஏசி, இணையம் எல்லாவற்றையும் தன் செலவில் போடுகிறார். பிறகு அந்த இடத்தை மாதக் கணக்கில், நாள் கணக்கில், மணிக் கணக்கில் பிரித்துக் கொடுக்கிறார். தான் கட்டும் வாடகைக்கும் உறுப்பினர்களிடம் வசூலிக்கும் தொகைக்கும் உள்ள இடைவெளியில்தான் அவர் பிழைப்பு நடக்கிறது.

ஆபத்து இருப்பதும் அதே இடைவெளியில்தான். உறுப்பினர் ஒரு மாத அறிவிப்பு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். நடத்துபவரால் கிளம்ப முடியாது. அறை காலியாக இருந்தாலும் முதல் தேதி வந்தால் முழு வாடகையும் கட்ட வேண்டும்.

விற்கப்படும் சரக்கு பொதுவாக ஐந்து வகை:

1. ஹாட் டெஸ்க்: காலியாக உள்ள எந்த இருக்கையிலும் உட்காரலாம். கட்டணம் குறைவு, ஆட்கள் வருவதும் போவதும் அதிகம்.
2. நிரந்தர இருக்கை: ஒருவருக்கென்றே ஒதுக்கிய மேசை.
3. தனி அறை: நான்கு பேர், ஆறு பேர், பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்குக் கதவு வைத்த அறை.
4. மீட்டிங் ரூம்: மணிக்கணக்கில் வாடகை.
5. விர்ச்சுவல் ஆபீஸ்: உட்கார இடம் இல்லாமல் அலுவலக முகவரியும் தபால் வசதியும் மட்டும்.

வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படுவது முதல் வகைதான். விளம்பரப் படங்களில் வருவதும் அதுவே. பல இடங்களில் வாடகையைக் கட்டிக்கொடுப்பது மூன்றாவது வகை. இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் மீதிக் கட்டுரை எளிதாகிவிடும்.

இரண்டு வேர்கள்

தயார் நிலையில் அறை வாடகைக்கு விடும் தொழில் கோவொர்க்கிங்கைவிடப் பழையது. மார்க் டிக்சன் 1989இல் பிரஸ்ஸல்ஸில் ரீஜஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று அதன் தாய் நிறுவனம் ஐடபிள்யூஜி. இன்னொரு வேர் 2005இல் சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபர்க் தொடங்கிய சிறிய பகிர்விடம். தனியாக வேலை செய்பவர்கள் சுதந்திரமாகவும் இருக்க வேண்டும், துணையோடும் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதே ஆண்டில் லண்டனில் தொடங்கிய ‘தி ஹப்’ பின்னாளில் இம்பாக்ட் ஹப் என்ற வலையமைப்பாக வளர்ந்தது.

2010இல் நியூயார்க்கில் பிறந்த வீவொர்க் இந்த இரண்டையும் சேர்த்தது. வியாபாரத்தை முதல் வேரிலிருந்து எடுத்தது, பேச்சையும் தோற்றத்தையும் இரண்டாவது வேரிலிருந்து எடுத்தது. சின்ன இடங்கள் தங்களுக்கே உரியதென்று நினைத்திருந்த ‘சமூகம்’ என்ற சொல், அதன் பிறகு பெருமுதலீட்டின் விளம்பரச் சொல்லாகவும் ஆகிவிட்டது.

ஒரு சின்ன இடத்தின் கணக்கு

விளக்கத்துக்காக ஒரு சின்ன இடத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் கற்பனை, விகிதங்களை மட்டும் கவனித்தால் போதும்.

மாதச் செலவு 100 ரூபாய் என்று வையுங்கள். அதில் கட்டட வாடகை 45. மின்சாரம், இணையம், துப்புரவு, பராமரிப்பு 20. ஊழியர் சம்பளம் 18. இன்டீரியர் வேலைக்கு வாங்கிய கடனின் தவணை 12. மென்பொருள், தரகு, இதர செலவு 5. இடம் நிரம்பியிருந்தாலும் காலியாக இருந்தாலும் இந்த 100 பெரிதாகக் குறையாது.

எல்லாமே நிரம்பினால் வரும் வருமானம் 130. தனி அறைகள் 78, நிரந்தர இருக்கைகள் 20, ஹாட் டெஸ்க் 14, மீட்டிங் ரூம் 10, விர்ச்சுவல் ஆபீஸ் 8. எந்த இடமும் எப்போதும் முழுதாக நிரம்பாது. நன்றாக நடக்கும் இடம் 90 சதவீதம் நிரம்பியிருக்கிறது என்றால் வருமானம் 117, லாபம் 17. தொழில் ஓடுகிறது.

இப்போது இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய நிறுவனம் திறக்கிறது. தனி அறைக் குழுக்களில் நான்கில் ஒன்று அங்கே போய்விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். தனி அறைகளிலிருந்து வந்துகொண்டிருந்த சுமார் 70 ரூபாயில் 17.50 போய்விட்டது. லாபம் முழுவதும் காலி, அரை ரூபாய் நஷ்டம். மற்ற எல்லாம் அப்படியே இருக்கிறது: முன்கூடத்தில் அதே முகங்கள், அதே சலசலப்பு. உள்ளே வருபவருக்கு இடம் நிறைந்திருப்பதாகத்தான் தோன்றும்.

காலியான அறைகளின் பணத்தை ஹாட் டெஸ்க்கில் ஈடுகட்ட முடியுமா? அந்தப் பிரிவு முழுதாக நிரம்பினாலே 14தான். இன்னும் 17.50 வேண்டுமென்றால் அதை இரண்டு மடங்குக்கும் மேல் பெருக்க வேண்டும். அத்தனை பேர் அன்றாடம் உட்கார அங்கே இடமே கிடையாது.

சரி, விலையைக் குறைத்துத் தக்கவைக்கலாமா? எல்லோருக்கும் 15 சதவீதம் குறைத்தால் 117இல் 17.55 போய்விடும். ஒரு குழுகூட வெளியேறாமலே அதே நஷ்டம். பெரிய நிறுவனம் வந்ததும் பதறிப்போய் விலையைக் குறைப்பது சின்ன இடம் எடுக்கக்கூடிய மிக மோசமான முடிவு என்று நான் சொல்வது இதனால்தான். குறைத்த விலையை மறுபடி ஏற்றுவது எவ்வளவு கடினம் என்பது அதற்குப் பிந்தைய கதை.

பெரிய நிறுவனத்துக்கும் இதே கணக்குதான். ஆனால் அதனிடம் நூறு இடங்கள் இருந்தால் லாபம் வரும் இடத்தின் பணத்தைக் கொண்டு புதிய இடத்தின் நஷ்டத்தை ஓராண்டு, இரண்டாண்டு தாங்கலாம். முதலீட்டாளர் பணம் இருந்தால் லாபம் வரும் இடமே தேவையில்லை. வீவொர்க் 2018இல் ஏறத்தாழ 180 கோடி டாலர் வருவாய் ஈட்டியது. அந்த ஆண்டின் நஷ்டம் சுமார் 190 கோடி டாலர். 2019 தொடக்கத்தில் அதன் மதிப்பு 4,700 கோடி டாலர் என்று கணிக்கப்பட்டது. ஒரு தெருவில் இந்த இருவரும் எதிரெதிரே நின்றால், ஒருவர் தன் சேமிப்பிலிருந்து போட்டியிடுகிறார், மற்றவர் பிறர் பணத்திலிருந்து போட்டியிடுகிறார்.

அழுத்தம் எந்தெந்த வழியில் வருகிறது

1. குழுக்கள் போவது. இரண்டு பேராகத் தொடங்கிய குழு எட்டு பேராகி, இருபது பேராகும்போது சின்ன இடத்தில் அறை இருக்காது. பெரிய நிறுவனத்தில் அடுத்த மாடியிலேயே இருக்கும். வளர்த்துவிட்ட குழு நல்ல கட்டணம் கட்டத் தொடங்கும் நேரத்தில் கைவிட்டுப் போகிறது. பெரு நிறுவனங்களின் கிளைக் குழுக்களும் இப்படித்தான். வீவொர்க் 2019இல் பங்குச் சந்தைக்காகத் தாக்கல் செய்த ஆவணத்தின்படி அதன் உறுப்பினர் இருக்கைகளில் சுமார் 40 சதவீதம் 500 பேருக்கு மேல் பணியாற்றும் நிறுவனங்களுடையவை. தனி ஆட்களின் கூடாரம் என்ற படத்துக்கும் இந்த எண்ணுக்கும் நிறைய தூரம்.

இதற்குக் கணக்கியல் காரணம் ஒன்றும் உண்டு. 2019 முதல் நடைமுறைக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற சர்வதேசக் கணக்கியல் விதிப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளை நிறுவனங்கள் பெரும்பாலும் தங்கள் இருப்புநிலைக் குறிப்பில் கடன் போலக் காட்ட வேண்டும். குறுகிய கால உறுப்பினர் ஒப்பந்தங்களுக்கு இந்தச் சுமை குறைவு. அதனால் கோவொர்க்கிங் பக்கம் திரும்பும் பெரு நிறுவனம் ஒரே ஒப்பந்தத்தில் பல நகரங்களில் இடம் கேட்கும். ஒரே கட்டடம் வைத்திருப்பவரால் அந்த ஒப்பந்தத்துக்குள் நுழையவே முடியாது.

2. தரகர்கள். வேகமாக வளர்ந்த காலத்தில் வீவொர்க், போட்டி இடங்களிலிருந்து மாறி வருபவர்களுக்குப் பெரும் வாடகைத் தள்ளுபடியும், அவர்களை அழைத்து வரும் தரகர்களுக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு கமிஷனும் கொடுக்க முன்வந்தது. தரகர் யார் பக்கம் கைகாட்டுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

3. ஊழியர்கள். சின்ன இடத்தின் உண்மையான சொத்து, உறுப்பினர்களைக் கவனித்துக்கொள்ளும் அதன் கம்யூனிட்டி மேனேஜர். யார் என்ன வேலை செய்கிறார், யாரை யாரிடம் அறிமுகப்படுத்தலாம், யார் இந்த மாதம் கட்டணம் கட்டச் சிரமப்படுகிறார் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். கூடுதல் சம்பளத்துக்கு அவர் எதிர் நிறுவனத்துக்குப் போனால் அந்த அறிவும் கூடவே போய்விடும்.

4. கட்டட உரிமையாளரின் எதிர்பார்ப்பு. இதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

குத்தகைப் பத்திரத்தில் உள்ள வித்தியாசம்

இரண்டு மாடி, ஐந்து மாடி என்று மொத்தமாக எடுப்பவருக்கு உரிமையாளர் சில மாத வாடகையை விட்டுக்கொடுப்பார். இன்டீரியர் வேலைக்கு ஒரு பங்கு பணமும் கொடுப்பார். கையெழுத்திடுவது அந்த ஒரு கட்டடத்துக்காகவே பதிவு செய்யப்பட்ட துணை நிறுவனமாக இருக்கும். இடம் ஓடாவிட்டால் பொறுப்பு பெரும்பாலும் அந்தத் துணை நிறுவனத்தோடு நின்றுவிடும். தாய் நிறுவனம் கொடுத்திருக்கும் உத்தரவாதத்துக்கும் வரம்பு இருக்கும்.

சின்ன இடத்துக்கு இந்தச் சலுகைகளில் பலதும் கிடைக்காது. வாடகை முதல் மாதத்திலிருந்தே ஓடும், இன்டீரியர் சொந்தச் செலவு. எல்லாவற்றுக்கும் மேலாக, நடத்துபவர் தன் சொந்தப் பெயரில் தனிநபர் உத்தரவாதம் எழுதிக்கொடுத்திருப்பார். தொழில் மூடினாலும் மீதிக் குத்தகைக் கால வாடகைக்கு அவர் வீடும் சேமிப்பும் பொறுப்பு. ஒரே தொழிலைச் செய்யும் இருவரில் ஒருவர் தவறினால் ஒரு துணை நிறுவனத்தை இழக்கிறார்; இன்னொருவர் குடும்பத்தின் சொத்தை இழக்கிறார். சின்னவர்களுக்கும் பெரியவர்களுக்கும் உள்ள மிகப் பெரிய ஏற்றத்தாழ்வு இதுதான் என்பது என் கருத்து. போட்டியைப் பற்றிய பேச்சில் இது அபூர்வமாகவே வருகிறது.

2003 ஜனவரியில், டாட்காம் சரிவுக்குப் பிறகு, ரீஜஸ் தன் அமெரிக்கப் பிரிவுக்குத் திவால் பாதுகாப்பு கேட்டது. குத்தகைகளை மறுபேச்சு நடத்திச் சீரமைத்து மீண்டது. 2020இல் பெருந்தொற்றின்போது அதன் அமெரிக்கக் கட்டடங்களுக்கான பல துணை நிறுவனங்கள் தனித்தனியாக அதே பாதுகாப்பை நாடின. தாய் நிறுவனம் தொடர்ந்து நடந்தது.

நன்மையும் உண்டு

பெரிய நிறுவனம் வருவதால் சின்ன இடத்துக்கு லாபமும் கிடைக்கலாம் என்பதை மறுக்கக் கூடாது. பகிர்ந்த அலுவலகத்தில் வேலை செய்வது மரியாதையான ஏற்பாடுதான் என்பதைப் பல கம்பெனிகளுக்குப் புரியவைத்தது பெரியவர்களின் விளம்பரம். அந்தச் செலவைச் சின்னவர்கள் செய்யவில்லை. பெரிய இடத்தின் இரைச்சல் பிடிக்காமலோ, முதலாண்டுத் தள்ளுபடி முடிந்து கட்டணம் ஏறியதாலோ வெளியே வருபவர்கள் பக்கத்தில்தான் தேடுவார்கள்.

ஆனால் யாருக்கு இந்த நன்மை என்பதில் வேறுபாடு உண்டு. பெரியவர் விற்கும் அதே சரக்கை, அதே தோற்றத்தில், அதே பகுதியில் விற்கும் நடுத்தர அளவு இடம்தான் முதலில் நசுங்குகிறது. மிகச் சின்னதாக, குறைந்த வாடகையில், முகம் தெரிந்த உறுப்பினர்களோடு இருக்கும் இடம் அதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது.

பெரியவர் விழும்போது

2019இல் வெளியான வீவொர்க்கின் ஆவணம் இந்தத் தொழிலின் எலும்புக்கூட்டைக் காட்டியது. அமெரிக்காவில் அதன் குத்தகைகளின் சராசரிக் காலம் சுமார் 15 ஆண்டு. எதிர்காலத்தில் கட்ட வேண்டிய குத்தகைத் தொகை சுமார் 4,700 கோடி டாலர். செப்டம்பரில் பங்கு வெளியீடு கைவிடப்பட்டது. 2021இல் வேறு வழியில் பங்குச் சந்தைக்கு வந்தது. 2023இல் திவால் பாதுகாப்பு, 2024 ஜூனில் அதிலிருந்து வெளியேற்றம்.

இடையில் நடந்ததுதான் சின்னவர்களுக்கு முக்கியம். அமெரிக்கத் திவால் சட்டத்தின் 365ஆம் பிரிவு, பாதுகாப்பில் உள்ள நிறுவனம் தனக்கு வேண்டாத குத்தகைகளை உதற அனுமதிக்கிறது. உதறப்பட்ட உரிமையாளர் மீதிக் காலத்துக்கான வாடகை முழுவதையும் கேட்க முடியாது. ஓராண்டு வாடகை, அல்லது மீதிக் காலத்தின் 15 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது. அதுவும் மூன்றாண்டு வாடகைக்கு மிகாமல். இந்த உச்சவரம்பைக் காட்டி மற்ற உரிமையாளர்களிடமும் வாடகையைக் குறைத்து வாங்கலாம். விழுந்து எழுந்த பெரியவர் பழைய வாடகைச் சுமையில் பெரும்பகுதியை இறக்கி வைத்துவிட்டு வருகிறார். பக்கத்து சின்ன இடம் உச்ச விலை காலத்தில் எழுதிய அதே வாடகையைக் கட்டிக்கொண்டிருக்கிறது.

விளைவுகள் இன்னும் இரண்டு பக்கமாகப் பிரிகின்றன. ஒரு பக்கம், சூடுபட்ட உரிமையாளர் அடுத்து வரும் எந்தக் கோவொர்க்கிங் நடத்துபவரையும் சந்தேகத்தோடு பார்க்கிறார். முன்பணம் கூட்டிக் கேட்கிறார், உத்தரவாதத்தை இறுக்குகிறார். தவறே செய்யாதவர் அந்த விலையைக் கொடுக்கிறார். மறுபக்கம், இருக்கையும் தடுப்பும் போட்டு முடித்த மாடிகள் காலியாகின்றன. அவற்றைச் சும்மா பூட்டி வைப்பதைவிட, நடத்தத் தெரிந்த உள்ளூர்க்காரரிடம் நிர்வாக ஒப்பந்தத்தில் கொடுக்க உரிமையாளர் முன்வரலாம். அந்த ஒப்பந்தத்தில் நடத்துபவருக்கு வாடகைப் பொறுப்பு கிடையாது. கட்டணமும் வருமானத்தில் ஒரு பங்கும் மட்டும். முதலே போடாமல் இடம் கிடைக்கும் வழி இது. கவனிக்க வேண்டியது: ஐடபிள்யூஜி போன்ற பெரியவர்களும் இப்போது இந்த வழியில்தான் விரிகிறார்கள். புறநகர்களுக்கும் சிறு ஊர்களுக்கும் இந்த முறையிலேயே போகிறார்கள். இதுவரை சின்னவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்த ‘அவர்கள் இங்கெல்லாம் வர மாட்டார்கள்’ என்ற எண்ணம் இனி செல்லாது.

தேடும் தளமும் மென்பொருளும் யார் கையில்

அதிகம் பேசப்படாத மாற்றம் இது. ஐடபிள்யூஜி 2022இல், பல நிறுவனங்களின் இடங்களையும் பட்டியலிட்டு விற்கும் இன்ஸ்டன்ட் குரூப்போடு தன் டிஜிட்டல் பிரிவை இணைத்து அதன் பெரும்பங்கைத் தன் கையில் வைத்தது. யார்டி என்ற சொத்து மேலாண்மை மென்பொருள் நிறுவனம், திவாலிலிருந்து மீண்ட வீவொர்க்கின் பெரும்பங்கு உரிமையாளராகியிருக்கிறது. அதே யார்டி கோவொர்க்கிங் இடங்களை நடத்துவதற்கான மென்பொருளையும் மற்ற நடத்துநர்களுக்கு விற்கிறது.

சின்ன இடத்தின் கோணத்திலிருந்து பாருங்கள். வாடிக்கையாளரை அனுப்பும் தளமும், உறுப்பினர் பட்டியலும் கட்டண விவரமும் இருக்கும் மென்பொருளும், போட்டியாளரோடு உரிமைத் தொடர்பு உள்ள நிறுவனங்களிடம் இருக்கலாம். தவறு நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் தரவு யாருக்குச் சொந்தம், வெளியேறும்போது அதை எந்த வடிவத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்ற பத்திகளைக் கையெழுத்துக்கு முன் படிப்பது இனி கட்டாயம்.

சின்ன இடம் என்ன செய்யலாம்

விலைப்போர் வேண்டாம் என்பதை மேலே பார்த்தோம். மீதியில் எனக்கு முக்கியமாகப் படுபவை:

1. குத்தகையை மாற்றுங்கள். புதுப்பிக்கும்போது நிலையான வாடகையைக் குறைத்து வருவாய்ப் பங்காகக் கேட்பது, குறிப்பிட்ட ஆண்டுக்குப் பிறகு வெளியேறும் உரிமை, தனிநபர் உத்தரவாதத்துக்குக் கால வரம்பு. இந்த மூன்றில் ஒன்று கிடைத்தாலும் பெரிய மாற்றம்.

2. ஒரே குழுவை நம்பாதீர்கள். மேலே சொன்ன கணக்கில் ஒரே வாடிக்கையாளர் வருமானத்தில் 15 சதவீதம் கொடுத்தால், அவர் கிளம்பும் நாளில் லாபமும் கிளம்பிவிடும்.

3. பெரியவரால் எல்லாக் கிளைகளிலும் ஒரே மாதிரி போட முடியாததைப் போடுங்கள்: ஒலிப்பதிவு அறை, பட்டறை, ஆய்வகம், குழந்தைப் பராமரிப்பு. இவற்றுக்குத் தனி அனுமதியும் தனி அக்கறையும் தேவை. அதனால்தான் நகலெடுப்பதும் சிரமம்.

4. மற்ற சின்னவர்களோடு கைகோருங்கள். கோவொர்க்கிங் விசா என்ற பழைய ஏற்பாட்டில் ஓரிடத்தின் உறுப்பினர் வேறு ஊரில் உள்ள இன்னோர் இடத்தைச் சில நாள் இலவசமாகப் பயன்படுத்தலாம். ‘பல நகரங்களில் கிளை’ என்ற பெரியவரின் ஒரு வலிமையைச் செலவில்லாமல் ஓரளவு ஈடுகட்டும் வழி அது. இம்பாக்ட் ஹப்பும் உள்ளூர் ஆட்கள் நடத்தும் இடங்களின் கூட்டாகவே இயங்குகிறது.

உறவு முக்கியம் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள், அது உண்மைதான். பிலடெல்பியாவின் இண்டி ஹால் என்ற கோவொர்க்கிங் இடத்தில் முதலில் ஆட்கள் ஒன்றுசேர்ந்தார்கள், இடம் பிறகுதான் வந்தது. அந்த வரிசையைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. ஆனால் உறவு மட்டும் வாடகை கட்டாது. தனி அறைக் கணக்கைச் சரிசெய்யாமல் வாரம் ஒரு கூட்டம் நடத்தினால் இடம் கலகலப்பாக மூடப்படும்.

உறுப்பினராகச் சேருபவர் கேட்க வேண்டியவை

சின்ன இடமானாலும் பெரிய நிறுவனமானாலும் மூன்று கேள்விகள் போதும். கட்டடக் குத்தகை எந்த ஆண்டு வரை? இடம் மூடப்பட்டால் எத்தனை நாள் அறிவிப்பு? முன்பணம் தனிக் கணக்கில் இருக்கிறதா, அன்றாடச் செலவில் கலந்துவிட்டதா? மூன்றாவதுக்குப் பதில் தெளிவாக வராவிட்டால் முன்பணத்தைக் குறைத்துப் பேசுங்கள். தனியாகப் பிரித்து வைக்கப்படாத முன்பணம் திவால் நடவடிக்கையில் பொதுவாகப் பிணையில்லாக் கடனாகவே எண்ணப்படும். பிணையோடு கடன் கொடுத்தவர்கள் வாங்கிய பிறகு ஏதாவது மிஞ்சினால்தான் உறுப்பினருக்கு வரும்.